அமுதவாணனுக்கு முப்பத்தொரு சதவீதம்

தேரிக்கரையில் யாரைப் பற்றி யார் வந்து கேட்டாலும் தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒருத்தரைத் தெரியாது என்று சொல்வது, அவர் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவதைப் போல என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு; சொன்னது எப்படியும் நாலு தெரு சுற்றி அந்த ஆளின் காதுக்குப் போய்விடும், பிறகு கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவர் முகத்தில் எப்படி முழிப்பது; ஆகவே காற்றடி காலத்தில் தேரி என்கிற செம்மணல் மேடுகள் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறிவிடுகிற அந்த ஊரில், போன வாரம் மாற்றலாகி வந்த தபால்காரர் முதல் வெள்ளைக்காரன் காலத்தில் செத்துப்போன தாசில்தார் வரைக்கும் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், எல்லாரும் நல்ல மனுஷர்கள். இந்த மரியாதை இல்லையென்றால் இந்தக் கதையும் இல்லை.

அந்த ஊரைக் கேள்வி கேட்கிற வேலை தங்கபுஷ்பத்துக்கு. மக்கள்தொகைக் கணக்கு என்றாலும் அவள்தான், எந்த சோப்பு போடுகிறீர்கள், எந்த டீத்தூள் வாங்குகிறீர்கள், கொசுவலை உண்டா, சாயங்காலம் எந்தத் தொடர் பார்க்கிறீர்கள் என்று ஏதாவது கம்பெனி கேட்டு அனுப்பினாலும் அவள்தான். நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் கூடி வராமலே போன, அம்மா போன பிறகு வடக்குத் தெருக் கடைசி வீட்டில் தனியாக இருக்கிற ஒருத்திக்கு வெயிலில் நடப்பது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் வேறொன்று. இத்தனை வருஷமாக இத்தனை பேரிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறாள், ஒருத்தர்கூடத் திருப்பி, ஏட்டி, நீ எந்த டீத்தூள் வாங்குதே என்று அவளைக் கேட்டதில்லை. அதை ஒரு குறையாக அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் பேரூராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. தேரிக்கரையில் எப்போதும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும், மற்றக் கட்சிகள் டெபாசிட் கட்டுவது நேர்த்திக்கடன் கழிப்பது மாதிரி, அதனால் அந்த ஒரு கட்சியில் யாருக்குச் சீட்டு என்பதுதான் உண்மையான தேர்தல், அது ஒவ்வொரு தடவையும் கல்யாண மண்டபத்து நாற்காலிகள் உடைந்துதான் முடியும். மண்டபக்காரர் இனிமேல் இடம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாலோ மேலிடத்துக்கே அலுத்துப் போனதாலோ, இந்தத் தடவை கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவாகி, அதற்கு முன்தேர்தல் என்று பெயரும் வைத்து, அதற்கும் முன்னால் ஊரின் நாடி பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனியைப் பிடித்தார்கள். கணிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறவர்களின் பெயர் மட்டும்தான் ஓட்டுச்சீட்டில் ஏறும் என்பது மேலிடத்துச் சட்டம். போட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லாரி செட்டு முதலாளி பொன்னுத்துரை, இன்னொருவர் வக்கீல் ஹெப்சிபா.

கம்பெனியின் மேற்பார்வையாளர் நரசிம்மன், போனில் தங்கபுஷ்பத்திடம் மூன்றாவதாக ஒரு பெயர் கேட்டார்.

"ஊர்ல யாருக்குமே இல்லாத பேரா ஒண்ணு சொல்லுங்க மேடம். அதையும் சேத்துடுவோம். இல்லாத ஆளை நல்லவர்னு எத்தனை பேர் சொல்றாங்கன்னு பாத்தா, கேள்வியைக் காதுல வாங்காமலே தலையாட்டறவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சுடும். எல்லா ஊர்லயும் செய்யறதுதான். ரெண்டு மூணு பர்சென்ட் வரும், அதுக்கு மேல வராது."

எந்தச் சாதியோடும் எந்தக் கோயிலோடும் எந்தத் தெருவோடும் ஒட்டாத ஒரு பெயரைத் தங்கபுஷ்பம் யோசித்து யோசித்துப் பார்த்து அமுதவாணன் என்று சொன்னாள். அந்தப் பெயருக்கு ஒரு வீட்டு விலாசம் போடாமல் கம்பெனி கொடுத்திருந்த கையடக்கக் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் தன் விலாசத்தையே போட்டாள், ஊரிலேயே ஆள் குறைவான வீடு அதுதான்.

முதல் கேள்வியைப் பக்கத்து வீட்டு சந்தனமாரியிடம் கேட்டாள். வடக்குத் தெருவில் ஒரு குழந்தை பிறந்தாலும் ஒரு கிழம் போனாலும் சந்தனமாரி வந்து பார்த்த பிறகுதான் அது நடந்ததாகக் கணக்கு. அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, பொன்னுத்துரை அண்ணாச்சியப் பத்தி என்ன நெனைக்கிய?"

"நல்ல மனுஷன்லா."

"ஹெப்சிபா வக்கீலு?"

"தங்கமான பிள்ள."

"அமுதவாணன்?"

முறம் ஒரு நொடி நின்றது, மறுபடி ஆடத் தொடங்கியது. "அவுகளுக்கு என்ன கொற? அமைதியான ஆளு. தான் உண்டு தன் சோலி உண்டுன்னு இருப்பாவ."

"பாத்திருக்கியளா மதினி?"

"பாக்காம என்ன? கோயில் கொடைக்கு வந்திருந்தாவல்லா. முன்னால வந்து நின்னு அலட்டுத ஆளா அவுக? ஓரமா நின்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாவ."

கீழத் தெருவில் ஒருவர் அமுதவாணனின் அப்பாவோடு ஒன்றாகப் பனை ஏறியதாகச் சொன்னார், மாதா கோயில் தெருவில் ஒரு அம்மாள் அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டார் என்றாள், பள்ளிவாசல் தெருவில் அவர் சைக்கிளில் விழுந்த பையனைத் தூக்கிவிட்டதை நேரில் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள், பஸ் ஸ்டாண்டில் அவருக்குக் குரல் கொஞ்சம் கரகரப்பு என்றார்கள், அது சின்ன வயதில் வந்த காய்ச்சலால் என்றும் சொன்னார்கள், உயரமா என்றால் உயரம்தான், ரொம்ப உயரம் என்றும் சொல்ல முடியாது, கறுப்பா என்றால் மாநிறம், கோபம் வருமா என்றால் நியாயத்துக்கு வரும். யாரும் தெரியாது என்று சொல்லவில்லை. பதில்களைத் தட்டிக்கொண்டே நடந்த தங்கபுஷ்பத்துக்கு, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, அந்த ஆளைத் தனக்கு மட்டும்தான் தெரியவில்லையோ என்று ஒரு குழப்பம் வந்துவிட்டது.

முடிவு மாலைப் பத்திரிகையில் வந்தது. பொன்னுத்துரைக்கு முப்பத்தெட்டு, அமுதவாணனுக்கு முப்பத்தொன்று, மீதி ஹெப்சிபாவுக்கு. தங்கபுஷ்பம் பதறிப்போய் நரசிம்மனைக் கூப்பிட்டாள்.

"சார், அது நம்ம சேத்த பேரு சார்."

"ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயாச்சு மேடம். பத்துக்கு மேல வந்தா பேர் ஏறணும்ங்கறது ரூல். ஆளே இல்லன்னு இப்பப் போய்ச் சொன்னா, நம்ம ரெண்டு பேரையும் இல்லாம ஆக்கிடுவாங்க."

மறுநாள் காலையில் அவள் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கைகள் கும்பிட்டபடி நின்றன. வேட்பாளருக்கு முதலில் வேண்டியது அதுதானே, அதனால் அதுதான் முதலில் வந்திருந்தது. முழங்கை வரைக்கும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இருந்தது, கீழே செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் இருந்தன, நடுவில் முருங்கை மரமும் எதிர்வீட்டுச் சுவரும் தெரிந்தன.

"வணக்கம்," என்றது சற்றுக் கரகரத்த ஒரு குரல். "தங்களுடைய பொன்னான நேரத்தில் சில நிமிடங்களை எனக்கு ஒதுக்க இயலுமா?"

ஒவ்வொரு வாசலிலும் அவள் சொல்கிற வாசகம் அது. ஒருத்தர் அதை அவள் வாசலில் வந்து அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்து, உள்ள வாங்க என்றாள்.

சந்தனமாரி உடனே வந்துவிட்டாள். வந்தவள் கைகளையும் பாதங்களையும் மேலும் கீழும் பார்த்தாள், "வந்துட்டியளா? சொகமா இருக்கியளா?" என்று விசாரித்தாள், பிறகு தங்கபுஷ்பத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆளு கொஞ்சம் மெலிஞ்சிட்டாவ, என்னட்டி?" என்றாள். ஊரில் மற்றவர்களும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் கிளாசை அந்தக் கையில் கொடுத்தார், டீ மேலே போனது, காலிக் கிளாஸ் திரும்பி வந்தது. போட்டோக்காரர் சுவரொட்டிக்குப் படம் எடுத்து, வெள்ளைச் சட்டைக் கைகளுக்கு மேலே வானத்தை அப்படியே விட்டுவிட்டார்; பார்த்தவர்கள் எல்லாரும் அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும் தலை எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டார், அவருக்கு வேலை அதிலேதான்.

கல்யாணமாகாத பெண் வீட்டில் ஓர் ஆண் தங்கலாமா என்று ஒரு பேச்சு வராமல் இல்லை. பெரியவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து, வேப்பங்காற்றில் வெற்றிலை மென்று மென்று யோசித்து, விலாசம் அந்த வீடுதான் என்று அச்சடித்தே வந்துவிட்டது, அதோடு முப்பத்தொரு பங்குதானே ஆள், அதில் தப்பு என்ன நடந்துவிடப் போகிறது, பாதிக்கு மேலே போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கணிப்பில் அவர் பாதியைத் தாண்டினார், நெஞ்சும் தோளும் காதுகளும் வந்தன, அன்று சாயங்காலமே சந்தனமாரி தன் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கபுஷ்பத்தின் வீட்டு நடுக்கூடத்தில் போட்டுக்கொண்டாள்.

காதுகள் வந்தது ஊருக்குப் பெரிய சௌகரியம். பட்டா மாறாதவர்கள், மருமகள் மதிக்காதவர்கள், தண்ணீர் லாரி தெருமுனையோடு திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர்கள் என்று ஆளாளுக்கு வந்து அந்தக் காதுகளில் கொட்டினார்கள். அவரும் கேட்டார். ஆனால் பதில் சொல்வதில்தான் சிக்கல், ஏனென்றால் இந்தக் கணிப்பில் ஆட்களின் குணத்தையும் கேட்டிருந்தார்கள், அமுதவாணன் நேர்மையானவர் என்று அறுபது பேர் சொன்னால் நாற்பது பேர் அரசியல்வாதி எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லியிருந்தார்கள், ஆகவே அவர் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு உண்மை, எந்த ஆறு என்பது அவருக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டை பைபாஸ் ரோட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டால், கண்டிப்பாக மாற்ற வேண்டும், மாற்றவே கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னார். இரண்டு பக்கத்துக்காரர்களும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அப்போதுதான் வந்திருந்த நெற்றியைத் தடவிக்கொண்டே, "நான் எதற்காக நிற்கிறேன்?" என்று தங்கபுஷ்பத்திடம் கேட்டார். அவள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஆனால் அவர் அவளிடம் கேட்டார். அதுதான் விஷயம். ஊருக்கெல்லாம் பதில் சொல்லத் திணறுகிற மனுஷன் அவளிடம் மட்டும் கேள்விகளாகவே பேசினார். காப்பிக்குக் கருப்பட்டி போதுமா? வெயிலில் நடந்தால் கால் வலிக்காதா? பஸ் ஸ்டாண்டு தங்களுக்கு எங்கே இருந்தால் வசதி? இரவில் மழை பெய்தால் தங்களுக்குப் பயமா, சந்தோஷமா? ஒவ்வொன்றுக்கும் அவள் முதலில் நான் எழுதிக்கிடுதவ, நான் சொல்லக் கூடாது என்பாள், பிறகு அடுக்களைக்குள் போய் நின்று, பைபாஸ் வேண்டாம், மழை பெய்தால் சந்தோஷம் என்று தனக்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒருநாள் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது தான் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவளுக்கே திக்கென்றது. நடுக்கூடத்துக் கட்டிலில் சந்தனமாரி தூங்குவது போல் கிடந்தாள்.

அவர் எதனால் ஆன ஆள் என்று தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது அந்த வாரத்தில்தான். கம்பெனி ஏதோ திருத்தம் என்று சொல்லி அவருக்கு இரண்டு சதவீதத்தைக் குறைத்து ஓர் அறிக்கை விட்டது, மறுநாள் எழுந்தபோது அவருக்கு இடது குதிகால் இல்லை. நொண்டிக்கொண்டே வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். கணிப்பு என்றால் மூன்று சதவீதம் கூடலாம் குறையலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அதனால் அவருடைய ஓரங்கள் எப்போதுமே கொஞ்சம் அலைந்துகொண்டுதான் இருந்தன, காற்றடித்தால் அதிகமாக அலைந்தன. இவருக்கு ஓட்டு விழாவிட்டால் இவர் இருக்க மாட்டார். இவர் தலைவராகிறாரோ இல்லையோ, பஸ் ஸ்டாண்டு எங்கே போகிறதோ, இவர் இந்த வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று அவள் வேண்டாத சாமி இல்லை. அவளுக்கு ஓட்டும் இல்லை, கேள்வி கேட்கிறவள் எந்தப் பக்கமும் சேரக் கூடாது என்று கட்சியில் உறுப்பினராகாமலே இருந்துவிட்டாள். அமுதவாணனும் உறுப்பினரில்லை, தனக்குத் தானே ஒரு ஓட்டுப் போட்டுக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை.

கடைசிக் கணிப்பு வந்தபோது ஊர் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். முடிவெட்டுகிறவருக்குத் தலை கிடைத்தது. முகமும் வந்தது, பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் அவரவர் சொந்தக்காரர் சாயலில் வந்தது, கண்கள் மட்டும் எதைப் பார்ப்பதென்று முடிவு செய்யாத கண்களாக இருந்தன. பொன்னுத்துரையே தெருவில் அவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, நீங்க வாரதுதான் ஊருக்கு நல்லது அண்ணாச்சி என்று கையைப் பிடித்துச் சொன்னார். ஹெப்சிபா வாழ்த்துச் சொல்லி ஒரு மாலையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள்.

முன்தேர்தலுக்கு முதல்நாள் சாயங்காலம் அவர் அவளைத் தன் எதிரில் உட்காரச் சொன்னார். ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருடைய தமிழும் கொஞ்சம் ஊர்த்தமிழாகியிருந்தது.

"எல்லாரும் என்னைப் பத்திச் சொல்லிட்டாவ. நீங்க மட்டும் சொல்லவே இல்ல. அமுதவாணனைப் பற்றித் தங்கள் கருத்து என்ன? மிக நல்லவர், நல்லவர், சுமார், மோசம். இதுல எது?"

நல்லவர் என்று சொன்னால் அது ஊர் சொல்கிற நல்லவர் மாதிரியே இருக்கும், உளுந்து புடைத்துக்கொண்டே சொல்கிற நல்லவர். அவள் மனதில் இருந்ததற்கு அந்த நாலில் ஒன்றும் பொருந்தவில்லை. ஐந்தாவதாக ஒன்றை அவளாகச் சொல்ல வேண்டும், தானாக ஒன்றைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"கேக்குதவ சொல்லக் கூடாதுங்க," என்றாள். "தொழில்ல அப்படி ஒரு முறை இருக்கு."

"சரி," என்றார் அவர். "முறைன்னா சரிதான்." பிறகு முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பதிவு. மூங்கில் தட்டியால் மறைத்த இடத்துக்குள் ஒவ்வொருத்தராகப் போனார்கள், வந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அமுதவாணனிடம் வந்து, கவலையே வேண்டாம், எல்லாம் உங்களுக்குத்தான் என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்கள். சந்தனமாரி அவர் தலையைத் தொட்டு நெட்டி முறித்துவிட்டுப் போனாள். தங்கபுஷ்பம் பக்கத்திலேயே நின்றாள். இத்தனை பேரும் சொல்கிறார்களே என்று அவளுக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

எண்ணி முடித்துத் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் படித்தார். பொன்னுத்துரை ஜெயித்திருந்தார். ஹெப்சிபாவுக்கும் நிறையவே விழுந்திருந்தது. அமுதவாணன் என்று படித்துவிட்டு அவர் நின்றார், காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், பிறகு, "அமுதவாணனுக்கு விழலை," என்றார்.

ஒருத்தர் ஒருத்தரிடம், நீ போடலியா, நீ போடலியா என்று கேட்டார்கள், கேட்டவர்களும் போட்டிருக்கவில்லை. எப்படியும் அவுக ஜெயிச்சிருவாவ, நம்ம ஒரு ஓட்டுல என்ன வரப்போகுதுன்னுதான் மகளுக்குக் கட்டில் பீரோ ஏத்த லாரி விட்ட பொன்னுத்துரைக்குப் போட்டேன் என்றாள் சந்தனமாரி, எம் பையன் கேசை ஹெப்சிபாதானே நடத்துது, எழுபதுக்கு மேல இருக்கவருக்கு ஒண்ணு குறைஞ்சா என்ன என்றார் டீக்கடைக்காரர், பாவம் தோக்கப் போறவுகளுக்கு ஒண்ணாவது விழட்டுமேன்னு போட்டேன் என்றார் முடிவெட்டுகிறவர், இப்படியே ஒவ்வொருத்தரும் ஊரே போடும் என்று நம்பியதில் ஊரே போடாமல் விட்டிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது, அதனால்தான் ஒன்றும் புரியாமல் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

வேப்பமரத்தடியில் அமுதவாணன் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுக்கமாகவும் இருந்தது, கனமில்லாமலும் இருந்தது.

"எல்லாரும் சொன்னாவளே?" என்றார்.

"சொன்னாவதான். அது ஒரு மரியாதைக்குச் சொல்லுதது."

"மரியாதைன்னா?"

அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று அவள் யோசித்தாள். கதவைச் சாத்தாமல் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லலாமா, அப்படியென்றால் திறந்த கதவுக்குள் வந்தவரை உட்காரச் சொல்லாமலே நிறுத்தி வைத்தது என்ன என்று கேட்பாரே என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் நாற்காலியில் யாரும் இல்லை. தங்கபுஷ்பம் பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில், ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு வந்த குழப்பம் தேர்தலில் வந்ததைவிடப் பெரிது. நடந்தது சாவா, இல்லையா? சாவென்றால் எடுக்க ஒன்றுமில்லை. மணி அடிக்கலாமா என்று பாதிரியார் பூசாரியிடம் கேட்டார், பூசாரி நடை சாத்தலாமா என்று அவரிடம் கேட்டார். அவருடைய அப்பாவோடு பனை ஏறினேன் என்று சொன்னவர் மொட்டை போடலாமா என்று யோசித்தார். பொன்னுத்துரை தன் வெற்றி ஊர்வலத்துக்குச் சொல்லியிருந்த மேளத்தை வேண்டாமென்று அனுப்பிவிட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம், துட்டி கேட்க, அதாவது சாவு விசாரிக்க, போகவேண்டுமா, போவதென்றால் யார் வீட்டுக்கு என்பது. தங்கபுஷ்பம் அவருக்கு என்ன உறவு? பெண்டாட்டி இல்லை, தங்கச்சி இல்லை, விலாசம் மட்டும்தான். ஆனாலும் போகாமல் இருப்பது மரியாதையில்லை என்று சந்தனமாரி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு முற்பகலில் வடக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து தங்கபுஷ்பத்தின் கூடத்தில் உட்கார்ந்தார்கள். துட்டி வீட்டில் வாங்க என்று யாரும் சொல்வதில்லை, போகும்போது போயிட்டு வாரேன் என்றும் சொல்வதில்லை, வந்தவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும், மறுபடி வரும்படி அந்த வீட்டுக்கு ஒரு சாவு வந்துவிடக் கூடாதே என்று. தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருத்தி ஒப்பாரியை ஆரம்பிக்கப் பார்த்து, என்ன முறை வைத்து அழுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஏட்டி புஷ்பம்," என்றாள் சந்தனமாரி. அவள் குரல் உடைந்திருந்தது. "நாங்க எல்லாரும் தப்புப் பண்ணிட்டோம்ட்டி. இப்ப எங்களுக்கு எப்படி அழன்னும் தெரியல. நீயே சொல்லு. அவுக உனக்கு யாருட்டி?"

அந்த வீட்டில், அந்த ஊரில், அவள் மனசைப் பற்றி அவளிடம் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி அது. தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது மதினி," என்றாள்.

கூடம் அதிர்ந்தது. அந்தச் சொல்லை அவர்கள் யாரும் ஒரு மனுஷரைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"அவுக யாரு, எந்த ஊரு, நல்லவுகளா கெட்டவுகளா, எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாந்தான் பேரு வச்சேன், நீங்கதான் உசுரு குடுத்திய, ஆனா யாருக்கும் தெரியாது." அவள் மூச்சு வாங்கினாள். "எனக்கு அவுகளப் பிடிச்சிருந்துது. காலையில எந்திரிக்கப் பிடிச்சிருந்துது. அவுக கேட்டாவ மதினி, எங்கிட்ட கேட்டாவ, நாந்தான் சொல்லாம விட்டுட்டேன். எனக்கு அவுக வேணும்."

வெளியே தேரி மணல் கேட்டில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது அடுக்களைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாத்திரம் ஒன்று நகர்ந்தது. கொஞ்சம் கரகரத்த குரல் ஒன்று, சாவகாசமாக, அந்த வீட்டிலேயே வருஷக்கணக்காக இருக்கிற ஆளின் குரலாக, "புஷ்பம், தண்ணிச் சொம்ப எங்க வச்சிருக்க?" என்று கேட்டது.

தங்கபுஷ்பம் எழுந்திருக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஆள் எவ்வளவு இருக்கிறார், எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை என்று எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அது அந்த வீட்டுச் சமாச்சாரம். சந்தனமாரி முதலில் எழுந்தாள். நடுக்கூடத்தில் கிடந்த தன் கட்டிலை மடக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், தலையில் போர்த்தியிருந்த தலைப்பை இறக்கித் தோளில் போட்டாள், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். வாசல்படியில் நின்று அவள் திரும்பி, தங்கபுஷ்பத்தைத் தாண்டி, அடுக்களைப் பக்கமாகப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அப்ப, போயிட்டு வாரோம்."